எழினிக்குப் பின்னே: ‘யவனிகா’ காட்டும் கற்பனைக் கலைக்குழு

இல்லாத ஒரு கலைக்குழுவைக் கதையாசிரியன் எளிதிற் படைத்துவிடலாம். ஆனால் அக்குழு எழுப்பும் இசையை வெறுங் கற்பனையாக விட்டுவிட இயலாது. நாவலில் ‘அவன் வாசித்தான், அவை மெய்ம்மறந்தது’ என்று எழுதினாற் போதும். எஞ்சியதைப் படிப்போர் தம் செவியின் நினைவைக் கொண்டு நிரப்பிக்கொள்வர். திரையிலும் தொலைக்காட்சியிலும் அந்தச் சலுகை கிடையாது. அங்கே பாத்திரம் வாசித்துக் காட்ட வேண்டும். பாடிக் காட்ட வேண்டும். இல்லாத குழுவுக்காக உள்ளபடியே ஒரு பாட்டு இயற்றப்பட வேண்டும். அதனைக் கேட்டு நாம் தலையசைத்த பின்னரே கதையை நம்புகிறோம்.

துப்பறியும் கதையில் இத்தகைய குழுக்கள் அடிக்கடி தோன்றுவதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் ‘எண்டெவர்’ என்னும் துப்பறியும் தொலைக்காட்சித் தொடரில் 2017-இல் ஒளிபரப்பான ‘கேன்டிகிள்’ என்ற பகுதிக்கென்றே, ‘தி வைல்டுவுட்’ என்னும் இசைக்குழு ஒன்று படைக்கப்பட்டது. கதை நிகழும் ஆண்டு 1967. இளமை, புகழ், போட்டி, போதை ஆகிய யாவற்றையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்து நிறுத்துவதற்கு இசைக்குழுவைப் போன்று வாய்ப்பான களம் வேறில்லை. காவல் அதிகாரி உள்ளே நுழைகிறார், உண்மை வெளிப்படுகிறது, குழு அக்கதையோடு மறைகிறது. மறு வாரம் வேறு களம், வேறு கொலை.

நாம் வாழும் கேரள மண்ணிலேயே, கதை முடிந்த பின்னும் மறையாத கற்பனைக் கலைக்குழு ஒன்று 1982-இல் பிறந்தது. கே. ஜி. ஜார்ஜ் இயக்கிய ‘யவனிகா’ என்னும் மலையாளத் திரைப்படத்தில் வரும் ‘பாவனா தியேட்டர்ஸ்’ என்ற நாடகக் குழுவே அது. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களில் அப்படத்தைப் பார்த்தோர் பலர் உளர். பார்த்தோருள் பெரும்பாலோர் நினைவில் நிற்பவன் தபலாக் கலைஞன் ஐயப்பன். நிற்க வேண்டியவள் அவனல்லாத வேறொருத்தி என்பது நம் கருத்து. அக்கருத்தை நிறுவ முயல்வதே இக்கட்டுரை.

தமிழ்த் திரையில் துப்பும் பாட்டும்

‘யவனிகா’வை நெருங்குமுன் நம் தமிழ்த் திரையுலகில் இவ்விரண்டும் எவ்வாறு கூடின என்று பார்ப்பது நலம்.

1954-இல் வெளிவந்த ‘அந்த நாள்’ துப்பறியும் கதைக்குத் தமிழில் ஒரு முன்னோடி. வானொலிப் பொறியாளன் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். ஒவ்வொருவர் வாக்குமூலமும் ஒவ்வொரு கதையாக விரிகிறது. அப்படத்தில் பாட்டு ஒன்றுகூட இல்லை. அதனை இயக்கியவரோ வீணையில் தனக்கென ஒரு வழி கண்ட எஸ். பாலசந்தர். இசையே உயிராக வாழ்ந்த ஒருவர், உண்மையைத் தேடும் கதையில் இசைக்கு இடமில்லை என்று முடிவு செய்தது சிந்திக்கத்தக்கது. பாட்டு வந்தால் பார்ப்போர் மனம் கரைந்துவிடும். கரைந்த மனம் கேள்வி கேட்காது என்று அவர் எண்ணியிருத்தல் கூடும்.

பத்தாண்டுகளுக்குப் பின், 1964-இல் வந்த ‘புதிய பறவை’ நேர்மாறான வழியை மேற்கொண்டது. அங்கே கதைத்தலைவனின் மனைவி சித்ரா, சிங்கப்பூர்க் கேளிக்கை விடுதியொன்றில் மேடையேறிப் பாடியவள். மேல்நாட்டு வாத்தியங்கள் முழங்க அவள் பாடிய பாட்டே பின்னர்த் தலைவனின் மனச்சான்றைத் துரத்தும் குரலாகிறது. அதற்கு இசையமைத்த விசுவநாதன்-ராமமூர்த்தி இரட்டையருள் எம். எஸ். விசுவநாதன் 1928-இல் பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்தவர் என்பது நம் பகுதியினர் பெருமையோடு நினைவு கூர்வதாகும். ஆனால் அப்படத்தில் உண்மையான ‘குழு’ அந்த விடுதி மேடையில் இல்லை. காதலி, அவள் தந்தை, மாண்டு மீண்டு வந்ததாகச் சொல்லும் மனைவி, அவளுடைய மாமன் என்று தலைவனைச் சூழ்ந்து நின்றவர்கள் காவல்துறை நடத்திய நாடகத்தின் நடிகர்களே என்பது இறுதியில் தெரிகிறது. குற்றவாளியின் வாயிலிருந்து உண்மையை வரவழைக்கக் காவல்துறையே ஒரு நாடகக் குழுவாக மாறியது அங்கே நிகழ்ந்த புதுமை.

1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ துப்பறியும் கதையன்று. எனினும் கற்பனைக் குழுவைப் பற்றிப் பேசுங்கால் அதனை விட்டுவிட இயலாது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையில் பிறந்த சிக்கல் சண்முகசுந்தரத்தின் குழு, எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதசுவரத்தால் திரையில் உயிர்பெற்றது. அக்குழுவில் கோபமுண்டு, செருக்குண்டு, பொறாமையுண்டு. ஆயினும் கலை அவற்றையெல்லாம் கழுவிவிடும் என்பது அக்கதையின் நம்பிக்கை. நல்ல கலைஞன் அடிப்படையில் நல்ல மனிதன் என்னும் அந்த நம்பிக்கையை நாமும் நெஞ்சாரப் போற்றி வளர்ந்தோம்.

அந்த நம்பிக்கையைச் சோதனைக்கு உள்ளாக்கியதே ‘யவனிகா’.

பாவனா தியேட்டர்ஸ்

கதை எளியது. ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்தும் பாவனா தியேட்டர்ஸ் குழுவில் தபலா வாசிக்கும் ஐயப்பன் ஒருநாள் வரவில்லை. அவன் குடிகாரன், சொல்லாமற் கொள்ளாமல் மறைவது அவனுக்குப் புதிதுமன்று. ஆதலால் தொடக்கத்தில் எவரும் பெரிதாகக் கலங்கவில்லை. நாடகம் நடந்தாக வேண்டும். வண்டி புறப்பட்டாக வேண்டும். நாட்கள் செல்லச் செல்ல ஐயம் முளைக்கிறது. காவல் அதிகாரி ஜேக்கப் ஈராளி விசாரணையைத் தொடங்குகிறார். குழுவின் முதலாளி வக்கச்சன், நடிகர் பாலகோபாலன், நகைச்சுவை நடிகர் வருணன், இளைஞன் ஜோசப் கொல்லப்பள்ளி, ஐயப்பனோடு மனைவி போல் வாழ்ந்துவந்த நடிகை ரோகிணி என ஒவ்வொருவரும் வாய் திறக்கத் திறக்க, காணாமற்போனவனின் வரலாறு துண்டு துண்டாகத் திரண்டு வருகிறது.

ஐயப்பனாகப் பரத் கோபி, வக்கச்சனாகத் திலகன், ஈராளியாக மம்மூட்டி, பாலகோபாலனாக நெடுமுடி வேணு, வருணனாக ஜகதி ஸ்ரீகுமார், ஜோசப்பாக வேணு நாகவள்ளி, ரோகிணியாக ஜலஜா. கதை ஜார்ஜினுடையது. உரையாடல் எழுதிய எஸ். எல். புரம் சதானந்தன் தாமே நாடக ஆசிரியர். ‘செம்மீன்’ படத்துக்குத் திரைக்கதை எழுதியவர். நாடக வண்டியின் புழுதியை அவர் நேரில் அறிந்தவராதலின், பாவனா தியேட்டர்ஸ் பேசும் பேச்சில் பொய் இல்லை. அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான கேரள அரசு விருது ‘யவனிகா’வுக்குக் கிட்டியது.

கேரளத்தில் நாடகக் குழு என்பது வெறும் பொழுதுபோக்குச் சாதனமாக இருந்ததில்லை. 1950-இல் தோன்றிய கே. பி. ஏ. சி. நாடகங்கள் அரசியலையே அசைத்தன. தமிழ் நாடக உலகுக்கும் இம்மண்ணோடு நெருங்கிய உறவு உண்டு, டி. கே. எஸ். சகோதரர்கள் 1925-இல் தம் நாடக சபையைத் தொடங்கியது திருவனந்தபுரத்தில்தான். அத்தகைய பெருமரபின் பிற்காலத்தில், கோயில் விழாக்களையும் மன்ற ஆண்டுவிழாக்களையும் நம்பி வயிறு வளர்க்கும் ஒரு சாதாரணக் குழுவாகப் பாவனா தியேட்டர்ஸ் நம்முன் நிற்கிறது. அதன் நாடகம் மகத்தானதும் அன்று, இழிந்ததும் அன்று. அதனாலேயே அது மெய்யாகிறது.

துப்பறியும் கதைகளில் பொதுவாகக் கொலையுண்டவன் ஒரு வெற்றிடம். அவன் எப்படிப்பட்டவன் என்பதில் நமக்கு நாட்டமில்லை. யார் கொன்றார் என்பதே கேள்வி. ‘யவனிகா’வில் இம்முறை தலைகீழாகிறது. யார் கொன்றார் என்று தொடங்கிய விசாரணை, ‘இத்தனை நாள் இவனை எப்படிப் பொறுத்துக்கொண்டீர்கள்?’ என்னும் கேள்வியாக உருமாறுகிறது. அக்கேள்வியை ஈராளி எவரிடமும் நேரே கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்குமூலமும் அதற்கே விடையாக அமைகிறது. ஐயப்பன் பெண்கள் பலரின் வாழ்வைக் குலைத்தவன் என்பது குழுவினருக்குத் தெரியும். ரோகிணியை அவன் அச்சுறுத்தி அடக்கி வைத்திருந்தான் என்பதும் முற்றிலும் மறைவான செய்தியன்று. தெரிந்தும் எவரும் தடுக்கவில்லை. காரணம் ஒன்றே: அவன் கை தபலாவின்மீது விழுந்தால் நாடகம் உயிர்பெறும்.

தண்ணுமை ஆசிரியனும் தபலாக்காரனும்

‘யவனிகா’ என்ற வடசொல்லுக்குத் திரைச்சீலை என்பது பொருள். தமிழில் அதற்கு ‘எழினி’ என்ற அழகிய பழஞ்சொல் உண்டு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை அரங்கின் அமைப்பைக் கூறுமிடத்து மூவகை எழினிகளைச் சுட்டுகிறது. ஒரு புறத்திலிருந்து இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இரு புறத்திலிருந்தும் வந்து கூடுவது பொருமுக எழினி. மேலிருந்து மறைவாக இறங்குவது கரந்துவரல் எழினி. சேர நாட்டு இளவலின் காப்பியம் என்று மரபு சொல்லும் அந்நூல், நம்மைப் போன்று இரு மொழிக்கும் நடுவே வாழ்வோருக்கு இரட்டிப்பு உரிமையுடையது.

அதே காதை, ஆடல் மகளுக்குத் துணைநிற்கும் ஆசிரியர்களின் இலக்கணத்தையும் வரிசையாகத் தருகிறது. அவர்களுள் தண்ணுமை ஆசிரியனுக்கு, அதாவது முழவு வாசிப்போனுக்கு, விதிக்கப்பட்ட தகுதி நம் கவனத்துக்குரியது. அவன் தன் திறத்தைத் தனித்துக் காட்டுபவனாக இருத்தல் ஆகாது. யாழிலும் குழலிலும் குறை நேர்ந்தால் தன் ஓசையால் நிரப்ப வேண்டும். அவை மேலோங்க வேண்டிய இடத்தில் தன் கையை அடக்க வேண்டும். தாளக் கருவியின் அறம் என்பது பிறருக்கு இடம் கொடுப்பது என்பதே அவ்விதியின் சாரம்.

இந்த அறத்தை நம் காலத்தில் கண்ணெதிரே காட்டியவர் பாலக்காடு மணி ஐயர் (1912–1981). பாட்டின் பொருளறிந்து, பாடுவோரின் மூச்சறிந்து வாசித்தவர் அவர். பக்கவாத்தியம் என்று ஒதுக்கப்பட்ட மிருதங்கத்துக்கு அவரால் வந்த மதிப்பை இசையுலகம் அறியும். செம்பை வைத்தியநாத பாகவதரின் மேடையில் அவர் இளமையிலேயே பெற்ற பயிற்சி, ‘துணை’ என்ற சொல்லுக்கு இலக்கணமாயிற்று. அவர் பிறந்து வளர்ந்த பகுதியின் மக்களாகிய நமக்குத் தாளக் கலைஞன் என்றால் அந்த மேன்மையே முதலில் நினைவுக்கு வரும்.

ஜார்ஜ் படைத்த ஐயப்பனைத் தண்ணுமை ஆசிரியனின் எதிர்ப்படிவம் எனலாம். மேடையில் அவன் கை பிறரின் நடிப்புக்கு ஏற்றம் தருகிறது. மேடையை விட்டு இறங்கியதும் அதே கை ஒரு பெண்ணின் மூச்சை நெரிக்கிறது. பரத் கோபியின் நடிப்பில் அந்தக் கைகளைப் பார்க்குந்தோறும் இவ்விரண்டும் ஒருங்கே நம் முன் தோன்றுகின்றன. கண்கள் பாதி செருகித் தாளத்தில் மூழ்கும் முகம் அழகானது. அந்த அழகு பொய்யன்று. அவனது கொடுமையும் பொய்யன்று. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மன்னிக்க வைக்கும் எளிய வழியை இயக்குநர் மேற்கொள்ளவில்லை. கலை சான்றாண்மைக்குச் சாட்சி ஆகாது என்ற கசப்பான உண்மையை அவர் அப்படியே நம் கையில் வைத்துவிடுகிறார்.

மூவகை எழினியைக் கொண்டே இப்படத்தின் அமைப்பையும் விளக்கலாம். ஒவ்வொருவர் வாக்குமூலமும் ஒருமுக எழினி. ஒரு பக்கம் மட்டும் விலகும். வாக்குமூலங்கள் எதிரெதிரே வந்து கூடுமிடத்தில் பொருமுக எழினி. அங்கே இடைவெளி எது, பொய் எது என்று புலப்படும். கரந்துவரல் எழினியோ பார்ப்போராகிய நம் கண்ணுக்கே தெரியாமல் நம்மேல் இறங்கியிருப்பது. அதைப்பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

எல்லை கடந்து வந்த பாட்டு

இல்லாத குழுவுக்கு இருக்கும் இசை வேண்டும் என்று தொடக்கத்தில் கூறினோம். பாவனா தியேட்டர்ஸுக்கு அதனை அளித்தவர் எம். பி. சீனிவாசன். தமிழில் 1960-இல் ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தவர். சென்னை இளைஞர் இசைக்குழுவை உருவாக்கிச் சேர்ந்திசையைப் பரப்பியவர். பலர் கூடிப் பாடும்போது தனிமனிதன் கரைந்து கூட்டம் ஒரு குரலாவதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்ட அவர், கூட்டத்துக்குள் ஒருத்தி தனித்துத் தவிக்கும் கதைக்கு இசையமைத்தது ஒரு நயமான பொருத்தம். ஓ. என். வி. குறுப்பு எழுதிய பாடல்கள் நாடக மேடைக்குரிய கம்பீரத்தையும் தனியறைக்குரிய மென்மையையும் மாறி மாறித் தருகின்றன. பாடகர்களுள் ஒருவரான செல்மா ஜார்ஜ், இயக்குநரின் துணைவியார். பழைய இசை நாடக மேடைகளில் பாடி நடித்துப் புகழ்பெற்ற பாப்புக்குட்டி பாகவதரின் மகள். ஆகவே கற்பனைக் குழுவின் குரலில் உண்மையான நாடக மரபின் இரத்தம் ஓடுகிறது.

இவற்றினும் நமக்கு நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. இம்மலையாளப் படத்தில் தமிழ்ப் பாட்டு ஒன்றும் இடம்பெற்றது. எழுதியவர் கங்கை அமரன். பாடியவர் செல்மா ஜார்ஜ். கங்கை அமரன் பிறந்த பண்ணைப்புரம், இடுக்கி மலைக்குக் கிழக்கே, இன்றைய தேனி மாவட்டத்தில் உள்ளது. அவ்வூரிலிருந்து அவருடைய தமையனார் பாவலர் வரதராசன் தம் உடன்பிறந்தாருடன் ‘பாவலர் சகோதரர்கள்’ என்ற இசைக்குழுவாக மேடை மேடையாகப் பாடிவந்ததையும், அக்குழுவிலிருந்தே இளையராஜா புறப்பட்டதையும் தமிழுலகம் அறியும். 1958-இல் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் கம்யூனிஸ்டுக் கட்சி சார்பில் நின்று வென்றபோது, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரிடையே பாடி வாக்குச் சேகரித்தவர் பாவலர் வரதராசன்.

ஆகவே நம் மலைகளில் ஒலித்த உண்மையான குழுவொன்றின் தம்பி, இல்லாத குழு வாழும் ஒரு படத்துக்குப் பாட்டெழுதினார். இதனை எல்லைப்புறத் தமிழரின் தற்பெருமைக்காக நாம் கூறவில்லை. மலையாள நாடக உலகைக் காட்ட வந்த படத்தில் தமிழ்ப் பாட்டு ஒன்று ஒட்டுப்போடாமல் இயல்பாக ஒலிக்க முடிந்தது என்றால், இப்பகுதிகளின் மேடை அன்று இருமொழியும் தழுவிய மேடையாக இருந்தது என்பதே பொருள். சிற்றூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் குமுளியிலும் இன்றும் நாம் இரு மொழியிலும் கைதட்டுகிறோம். எனவே ‘யவனிகா’ அயலார் படம் என்று சொல்லி, அது எழுப்பும் கேள்வியிலிருந்து நாம் நழுவிவிட முடியாது.

சாட்சிக் கூண்டில் ஏறாதவர்கள்

படத்தின் முடிவைச் சொல்லாமல் இத்திறனாய்வு நிறைவுறாது. கொலை ரோகிணியின் கையால் நேர்ந்தது. துன்பம் எல்லை மீறிய ஒரு கணத்தில் அது நிகழ்ந்தது. அவள்மீது பரிவு கொண்ட ஜோசப் உடலை மறைக்கத் துணைநின்றான். பழியையும் தானே ஏற்க முனைந்தான். உண்மையை இறுதியில் வெளிப்படுத்துபவள் ரோகிணியே.

இங்கே நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. ஐயப்பனைப் பற்றி அத்தனை பேரும் பேசுகின்றனர். ரோகிணி பேசுவதோ குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதுதான். அவளுடைய வாய் திறப்பதற்கு ஒரு கொலை தேவைப்பட்டது. அந்த மௌனத்தை இயக்குநர் வேண்டுமென்றே அமைத்தார் என்று வாதிடலாம். அவ்வாதத்தில் நியாயமும் உண்டு. ஜலஜாவின் அடங்கிய நடிப்பு அந்த மௌனத்துக்கு எடை சேர்க்கிறது. ஆயினும் படம் முடிந்து வீடு திரும்புவோர் பேசியது கோபியின் தபலாவைப் பற்றியே. கொடியவனைக் கலையழகோடு படைத்ததன் விலை இது. பாவனா தியேட்டர்ஸ் எந்தக் குற்றத்தைச் செய்ததோ, அதையே பார்வையாளராகிய நாமும் செய்துவிடுகிறோம்: வாசிப்பின் அழகில் மயங்கி, வருந்தியவளை மறக்கிறோம். நம்மேல் மறைவாக இறங்கிய எழினி என்று மேலே கூறியது இதனையே.

இயக்குநரும் இக்குறையை உணர்ந்திருந்தார் போலும். மறு ஆண்டே, 1983-இல், அவர் ‘லேகயுடெ மரணம் ஒரு ஃபிளாஷ்பேக்’ என்ற படத்தில் இறந்துபோன நடிகையொருத்தியின் வாழ்வை நடுவில் வைத்தார். இம்முறை காணாமற்போனவள் பெண். பின்னோக்கிச் செல்லும் கதையும் அவளுடையது. இரண்டையும் அடுத்தடுத்துக் காண்போருக்கு, முதற்படத்தில் விடுபட்ட சாட்சியம் இரண்டாவதில் பதிவு செய்யப்பட்டது விளங்கும்.

பெண்ணின் சாட்சியம் நமக்குப் புதிதன்று. கையிற் சிலம்பேந்திப் பாண்டியன் அவைக்குச் சென்ற கண்ணகி செய்ததும் ஒரு துப்பு விசாரணையே. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று பொருட்சான்று காட்டி அவள் தீர்ப்பைத் திருப்பினாள். அக்கண்ணகிக்குரிய மங்கலதேவி கோயில் இடுக்கி எல்லை மலையுச்சியில் நிற்கிறது. ஆண்டுக்கொருமுறை சித்திரைப் பௌர்ணமியன்று இரு மாநிலத்தாரும் மலையேறிச் சென்று வழிபடுகிறோம். கண்ணகிக்குக் கேட்க ஓர் அவை இருந்தது. ரோகிணிக்கு அதுவும் இல்லை. இருந்தது ஒரு நாடகக் குழு. அதுவோ அடுத்த ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தது.

இது பழங்கதை என்று எவரும் கருத வேண்டா. மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராயக் கேரள அரசு 2017-இல் நீதிபதி ஹேமா தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. 2019 இறுதியில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டு 2024 ஆகஸ்டில்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. அச்சத்தால் வாய்மூடியிருந்த பலரின் அனுபவங்கள் அதில் பதிவாயின. ஜார்ஜ் 2023-இல் மறைந்தார். அறிக்கை வெளிவந்ததை அவர் காணவில்லை. ஆனால் 1982-இலேயே அவர் கற்பனைக் குழுவொன்றின் வாயிலாக அவ்வறிக்கையின் முதற்பக்கத்தை எழுதிவிட்டார் என்று கூறினால் மிகையாகாது.

நம் மேடையும் நாமும்

நாம் ஒரு விழாக்குழுவில் பணியாற்றிய காலத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த இன்னிசைக் குழுவொன்று இரவு முழுவதும் பாடி முடித்தது. விடியற்காலையில் அக்குழுவில் பாடிய பெண்மணி ஒருவர் எம்மிடம் வந்து, தமக்குரிய தொகையைத் தம் கையிலேயே தர இயலுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ‘குழுத் தலைவரிடம் மொத்தமாகக் கொடுப்பதே வழக்கம், அம்மா’ என்று மரியாதையாகவே விடையளித்தோம். அவர் மறுபேச்சின்றித் திரும்பிச் சென்று வண்டியில் ஏறி அமர்ந்தார். வழக்கம் என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அன்று நாம் கேட்கவில்லை. அந்த ஆண்டு மலருக்கு நாம் எழுதிய நன்றியுரையில் மிருதங்கம் வாசித்தவரின் பெயரும், தபலா வாசித்தவரின் பெயரும், ஒலிபெருக்கி அமைத்தவரின் பெயரும் இருந்தன. அப்பெண்மணியின் பெயர் நமக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவருக்கு நேர்ந்தது ரோகிணிக்கு நேர்ந்ததைப் போன்றது என்று சொல்ல நமக்கு ஆதாரமில்லை. ஒருவேளை ஊரில் காத்திருந்த குழந்தைகளுக்காகக் கேட்டிருக்கலாம். வேறு ஏதேனும் சிறு தேவையாகவும் இருக்கலாம். ஆனால் கேட்டறியும் பொறுப்பு நம்முடையது. அதனை நாம் செய்யவில்லை. ‘யவனிகா’வை மறுமுறை பார்த்தபோது நம்மை உறுத்தியது ஐயப்பனின் கொடுமையினும், வண்டி புறப்பட வேண்டும் என்ற குழுவினரின் அவசரமே. அந்த அவசரம் நமக்கும் நன்கு பழக்கமானது.

நல்ல துப்பறியும் கதை குற்றவாளியைக் காட்டிக்கொடுத்து நம்மை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடும். ‘யவனிகா’ அவ்வாறு அனுப்புவதில்லை. ஈராளியின் விசாரணை முடிந்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது; அதனைக் காவல்துறை கேட்க இயலாது, சங்கங்களும் சபைகளும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். எழினி விலகியபின் நாம் காண்பது கலை. எழினி மூடியபின் அங்கே யார் எந்நிலையில் இருக்கிறார் என்று கேட்பதும் கலையைப் போற்றுவதில் ஒரு பகுதியே.

இவ்வாண்டு நம் சங்க விழாவுக்கு வரும் கலைஞர்களின் பெயர்ப் பட்டியல் தயாராகுங்கால், மேடையின் முன்வரிசையில் அமர்வோரின் பெயரோடு, பின்வரிசையில் நின்று பாடும் மகளிரின் பெயர்களும் கேட்டு எழுதப்பட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். அவரவர்க்குரிய தொகை அவரவர் கையில் சேரட்டும். நமக்கு அது சிறிய செயல். பாவனா தியேட்டர்ஸில் அதனையேனும் எவராவது செய்திருந்தால், ஒருவேளை அக்கதையில் துப்பறிவதற்கு ஒன்றுமே இருந்திராது.